எண்ணூற்று எண்பது கிராம்

தங்கச்சியின் வளைகாப்புக்கு வாங்கிய வளையல்கள் இன்னும் எங்கள் வீட்டு பீரோவில்தான் கிடக்கின்றன. தென்காசியில் வாங்கியது. பச்சையும் சிவப்புமாக ஆறு டஜன், அட்டைப்பெட்டி கூடப் பிரிக்கவில்லை. ஏழாம் மாதத்தில் நல்ல நாள் பார்த்துப் பத்திரிகைக்கும் சொல்லியாகிவிட்டது. அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது, 2017 ஜூனில் ஒரு சாரல் ராத்திரியில், பனிக்குடம் உடைந்துவிட்டது. டாக்டர்கள் கணக்கில் 26 வாரம் 6 நாள்.

எங்கள் ஊர் செங்கோட்டை. இங்கே பெரிய நோய் என்றால் வண்டி இரண்டு திசையில் போகும். கிழக்கே போனால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. மேற்கே மலை ஏறி இறங்கினால் திருவனந்தபுரம். 1956 நவம்பர் முதல் தேதி வரைக்கும் நாங்கள் திருவனந்தபுரத்து ஆட்சியில்தான் இருந்தோம். அந்தப் பழக்கமோ என்னவோ, எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சீக்கு என்றாலே முகம் மேற்குப் பக்கம்தான் திரும்பும். எனக்கும் அந்தப் பாதை மனப்பாடம். காய்கறி லாரிக்கு புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். எந்த வளைவில் எந்த நேரத்தில் வண்டி தேங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அன்று ராத்திரி முதலில் போன இடம் ஒரு நர்சிங் ஹோம். தங்கச்சிக்கு மாதாமாதம் பார்த்த இடம்தான். அங்கே இருந்தவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "ஆறு மாசம் முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகலை. வெளிய வந்தா நிக்காது. அலையாதீங்க, பொண்ணைக் காப்பாத்திக்கலாம், அடுத்து பார்த்துக்கலாம்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் படித்த காலத்தில் அதுதான் உண்மையாக இருந்திருக்கும். நானும் ஏறத்தாழ தலையாட்டிவிட்டேன். இதை எழுதவே இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மாப்பிள்ளைதான் கேட்கவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ராத்திரி டியூட்டியில் ஒரு பெண் டாக்டர், முப்பது வயது இருந்தால் அதிகம். அவர் செய்தது மூன்று காரியம். தங்கச்சியின் இடுப்பில் ஒரு ஊசி போட்டார். வலி தள்ளிப்போக மாத்திரை கொடுத்தார். அப்புறம் போனை எடுத்து நாலைந்து இடத்துக்குப் பேசி, திருவனந்தபுரத்தில் ஒரு படுக்கை இருப்பதாக உறுதி செய்தார். "பிள்ளை பிறந்தபிறகு தூக்கிட்டு ஓடாதீங்க. வயித்துக்குள்ள இருக்கும்போதே கொண்டு போங்க. அம்மா வயித்தைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது."

புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்போது அந்தப் பாதையில் ரயிலும் இல்லை. அகலப் பாதை வேலைக்காக 2010ல் நிறுத்தியவர்கள் 2018ல்தான் திரும்ப விட்டார்கள். கோட்டைவாசல், ஆரியங்காவு, இருட்டில் பதிமூன்று கண் பாலம், தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒவ்வொரு குழியிலும் டிரைவரை அதட்டினேன். அந்தக் குழிகளில் பாதி என் லாரிகள் போட்டதாகத்தான் இருக்கும்.

போய்ச் சேர்ந்தபிறகு இரண்டாவது ஊசி போட்டார்கள். வலியைத் தள்ளித் தள்ளி, முதல் ஊசி போட்டு நாற்பது மணி நேரம் போலக் கழித்துத்தான் பிள்ளை வந்தது. பெண். 880 கிராம்.

நான் தினம் எடை பார்க்கிற ஆள். 880 கிராம் என்றால் ஒரு நடுத்தர முட்டைக்கோஸ். பிறந்த உடனே துடைக்கக்கூட இல்லாமல் கழுத்து வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டிருந்தார்கள். வதங்காமல் இருக்க நாங்கள் கொத்தமல்லிக்குப் போடுவதுபோல. அவ்வளவு சின்ன உடம்பில் தோல் மெல்லிசு, கொழுப்பும் கிடையாது. ஈரம் ஆவியாகும்போது சூடும் சேர்ந்து போய்விடுமாம். அதைத் தடுக்க ஒரு பை போதும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்தது ஒரு நொடிதான். கண் விழிக்காத அணில் குஞ்சு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

அப்போது எங்கள் ஆச்சிக்கு 87 வயது. ஒன்பது பெற்று ஐந்தை வளர்த்தவள். போகாத பிள்ளைகளைப் பற்றிப் பேசுவாள், போன பிள்ளைகளைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். ஒன்றைத் தவிர. அது 1954ல், ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலத்தில், ஏழாம் மாதத்தில் பிறந்தது. ஓலைப்பெட்டியில் இலவம்பஞ்சு பரப்பி, அதில் கிடத்தி, அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம். சூடு குறைந்தால் ஆச்சி எடுத்து மாரோடு அணைத்து முந்தானையால் மூடிக்கொள்வாள். சப்பத் தெரியாத வாய்க்குப் பஞ்சுத் திரியால் பால் சொட்டு விடுவாள். பதினோரு நாள் இருந்தது.

"ஏழாம் மாசம் பிழைக்கும், எட்டாம் மாசம்தான் பிழைக்காதுன்னு சொல்லுவா. எனக்கு ஏழும் பிழைக்கலை" என்பாள்.

இந்த ஏழு-எட்டுக் கணக்கை நம் பக்கம் கேட்காத வீடு இருக்காது. பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே கதை இருக்கிறது என்று பின்னால் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. உண்மை நேர் எதிர். வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். எட்டாம் மாதப் பிள்ளை ஏழாம் மாதப் பிள்ளையைவிட நன்றாகப் பிழைக்கும். இரண்டாயிரம் வருஷம் எப்படி இது தலைகீழாக நின்றது என்று எனக்கு விளங்கவில்லை. ஏழில் பிழைத்த ஒன்றிரண்டு அதிசயமாக நினைவில் நின்று, எட்டில் போனவை மனசில் முள்ளாகத் தங்கியிருக்கலாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுபத்து நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸை போனிலேயே நடத்தினேன். மிச்ச நேரம் படிப்புதான். பயம் வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள், நான் படிப்பேன். இனி சொல்லப்போவதில் பாதி அங்கே டாக்டர்களைத் தொல்லை பண்ணிக் கேட்டது, மீதி அப்படிப் படித்தது.

முதல் பிரச்சினை மூச்சு. மழையில் நனைந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வாய் திறக்கவே திறக்காது. குறைமாதப் பிள்ளையின் நுரையீரலில் உள்ள சின்னச் சின்ன காற்றறைகளும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டாமல் இருக்க சவுக்காரம் மாதிரி ஒரு வழுவழுப்பு உள்ளே சுரக்க வேண்டும். அது போதிய அளவு சுரக்க கடைசி மாதங்கள் தேவை. 1959ல் அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரி என்ற டாக்டர்தான், மூச்சுத் திணறி இறக்கும் பிள்ளைகளிடம் இந்த வழுவழுப்பு குறைவு என்று காட்டினார். ஆனால் காரணம் தெரிந்ததும் மருந்து வந்துவிடவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். இன்றைக்கு நம் மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே பிழைத்துவிடக்கூடிய பிள்ளை. அன்று உலகத்திலேயே அதிகாரம் படைத்த தகப்பனால் அவனை 39 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. இதைப் படித்துவிட்டு ஆச்சியை நினைத்துக்கொண்டேன். அவளுடைய ஓலைப்பெட்டி பதினோரு நாள் தாக்குப்பிடித்திருக்கிறதே.

அந்த வழுவழுப்பை மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்து, பிள்ளையின் மூச்சுக்குழாயில் நேராக விடலாம் என்று 1980ல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்பவர் பத்துப் பிள்ளைகளிடம் செய்து காட்டினார். அந்த மருந்தின் பெயர் சர்ஃபாக்டன்ட். எங்கள் பிள்ளைக்கும் பிறந்த அன்றே விட்டார்கள். சீட்டை எழுதிக் கொடுத்து மருந்துக்கடைக்கு அனுப்பினார்கள். விரல் அளவு குப்பி, விலையைப் பார்த்துக் கை நடுங்கியது. மாட்டின் நுரையீரல் என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இப்போது இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

ஆனால் இந்தக் கதையில் என்னை அதிகம் உலுக்கியது விலை உயர்ந்த குப்பி இல்லை. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் சும்மா போட்ட அந்த இடுப்பு ஊசிதான். அது தாய்க்குப் போடுகிற ஸ்டீராய்டு. தாயின் ரத்தம் வழியாகப் பிள்ளைக்குப் போய் நுரையீரலை அவசரமாகப் பழுக்க வைக்கிறது. நாங்கள் வாழைத்தாருக்குப் புகை போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற டாக்டர் ஆடுகளை வைத்துப் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றுக்குள் இருக்கும்போதே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டு, காலத்துக்கு முன்பே விழுந்த ஆட்டுக்குட்டி ஒன்று, செத்துக் கிடக்க வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. அவர் தேடியது வேறு, கண்டது வேறு. அவரும் ராஸ் ஹோவியும் ஆக்லாந்தில் 282 தாய்மார்களிடம் சோதித்து 1972ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்ட தாய்களின் பிள்ளைகள் கண்கூடாக அதிகம் பிழைத்தன.

சரி, உலகம் உடனே அந்த ஊசியை எடுத்துக்கொண்டதா? இல்லை. தயங்கியது. இன்னொரு ஆய்வு வரட்டும், இன்னொன்று வரட்டும் என்று இருபது வருஷம் ஓடியது. அமெரிக்காவிலேயே 1994ல்தான் அரசாங்க சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி, எல்லோரும் இதைப் போடுங்கள் என்று அழுத்திச் சொன்னது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் போயிருக்கும்? இந்தியாவில் 2014ல் கிராம சுகாதார நர்ஸும் போடலாம் என்று வழிகாட்டி வந்தது. ஒரு டீ, வடை செலவில் அடங்கும் மருந்து. நாங்கள் முதலில் போன நர்சிங் ஹோமிலும் அந்த மருந்து அலமாரியில் இருந்திருக்கும். அது ஆஸ்துமாவுக்கும் போடுகிற மருந்துதானே. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ ஒரு சண்டை போட்டேன். அப்போது மூக்கில் சின்னக் குழாய் வைத்து அழுத்தமாகக் காற்று விட்டுக்கொண்டிருந்தார்கள். குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள் இருக்கும். எந்நேரமும் சோற்று உலை கொதிக்கிற மாதிரி சத்தம். அந்தக் கொதிப்பு நின்றால்தான் பயப்பட வேண்டும். பக்கத்துத் திரையில் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஓடும். நான் கை கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது எண் 100 காட்டியது. மனசு குளிர்ந்துவிட்டது. பரீட்சையில் நூற்றுக்கு நூறு! அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து ஆக்சிஜனைக் குறைத்தார். எண் 94க்கு இறங்கியது. நான் கத்திவிட்டேன்.

"நூறு நல்லதல்ல சேட்டா. கண்ணு போகும்" என்றார் அவர், அமைதியாக.

அதன் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1940களில் பணக்கார நாடுகளின் நல்ல ஆஸ்பத்திரிகளில் குறைமாதப் பிள்ளைகளுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தார்கள். பிள்ளை நீலம் மாறி ரோஜாப்பூ நிறத்துக்கு வரும். பார்க்க அழகாக இருக்கும். 1942ல் பாஸ்டன் கண் மருத்துவர் டெர்ரி, இப்படிப் பிழைத்த பிள்ளைகளின் கண்ணுக்குள் வெள்ளைத் திரை மாதிரி படர்வதை எழுதினார். காரணம் தெரியவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் கவனிப்பு அதிகமோ அங்கேதான் குருடும் அதிகம். 1951ல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற பெண் டாக்டர் ஆக்சிஜன்மேல் சந்தேகப்பட்டு எழுதினார். 1953, 54ல் அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து சோதித்து உறுதி செய்தன. அதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரம் பிள்ளைகள் போலப் பார்வை இழந்திருந்தார்கள். முழு அன்போடு செய்த காரியம்.

கதை அங்கேயும் முடியவில்லை. பயந்துபோய் ஆக்சிஜனை எல்லோருக்கும் ஒரேயடியாக இறுக்கினார்கள். கண்கள் தப்பின, பிள்ளைகள் மூச்சுக்கு ஏங்கிச் செத்தன. ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று தோலுக்கு மேலிருந்தே பார்க்கிற கருவி வரும்வரை இருட்டில் கயிற்றில் நடந்தார்கள். அந்த நர்ஸ் 100ஐ 94 ஆக்கியது எழுபத்தைந்து வருஷப் பாடம். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "பேடிக்கண்டா சேட்டா, எல்லாரும் இங்ஙனத்தன்னே" என்று சிரித்தார். பயப்படாதீங்க, எல்லாரும் இப்படித்தான் என்று அர்த்தம்.

எங்கள் தெருவில் ஒரு பையன் உண்டு. 1990களின் கடைசியில் ஏழாம் மாதம் பிறந்தவன். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். ஊரே கொண்டாடியது. ஆறு மாதம் கழித்துத்தான் அவன் விளக்கைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. தெய்வக் குற்றம், கிரகண தோஷம் என்று எல்லாம் சொன்னோம். கண் டாக்டரிடம் முதல் மாதத்திலேயே காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நம்மைப் போன்ற நாடுகளில் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கியபோது, பணக்கார நாடுகள் ஐம்பது வருஷம் முன்னால் பட்ட அடியை நாம் புதிதாக வாங்கினோம். இப்போது விதி தெளிவாக இருக்கிறது. 34 வாரத்துக்கு முன்பு பிறந்தாலோ, இரண்டு கிலோவுக்குக் குறைந்தாலோ, பிறந்து முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். 28 வாரத்துக்குக் கீழே என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் இதை மட்டும் மறக்காமல் கேளுங்கள். ஆஸ்பத்திரி சொல்லாவிட்டாலும் கேளுங்கள்.

அந்த வராந்தாவில் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புலப்பட்டது. இந்த வைத்தியம் வளர்ந்த விதமே வேறு மாதிரி. ஒரு கருவியைக் கண்டுபிடிப்பார்கள், அள்ளிக் கொட்டுவார்கள், பிறகு மெல்ல மெல்லக் கையை எடுக்கப் பழகுவார்கள். பாரிஸில் 1880களில் டார்னியே என்ற பிரசவ டாக்டர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சூட்டுப்பெட்டி செய்தார். நல்ல காரியம். அப்புறம் அந்தப் பெட்டிகள் பொருட்காட்சிக்கே போய்விட்டன. நியூயார்க் கோனி தீவில் 1903லிருந்து நாற்பது வருஷம், கட்டணம் வாங்கிக்கொண்டு குறைமாதப் பிள்ளைகளைக் காட்சிக்கு வைத்தார் மார்ட்டின் கூனி என்பவர். ராட்டினத்துக்குப் பக்கத்தில்! அவர் உண்மையாகவே நிறையப் பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்பதுதான் விசித்திரம். ஆஸ்பத்திரிகள் வேண்டாம் என்று விட்ட பிள்ளைகள் அவை.

1950களில் புரை ஏறும் என்று பயந்து இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டார்கள். கிருமி வரும் என்று தாயை வாரக்கணக்கில் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். இத்தனை சின்னப் பிள்ளைக்கு வலி தெரியாது என்று சொல்லி, போதிய மயக்க மருந்து இல்லாமலே அறுவைச் சிகிச்சை செய்த காலமும் உண்டு. ரொம்பப் பழைய கதை இல்லை, 1980கள் வரைக்கும். 1987ல் ஆக்ஸ்ஃபோர்டில் கன்வல்ஜீத் ஆனந்த் என்ற நம் நாட்டு டாக்டர், குறைமாதப் பிள்ளைகளுக்கும் வலி தெரியும், மயக்கம் கொடுத்தால் உடம்பு நன்றாகத் தாங்குகிறது என்று நிறுவிக் காட்டினார். அதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டுமா, ஒரு தாயைக் கேட்டிருக்கலாமே என்று தங்கச்சி கேட்டாள்.

அவளுடைய வேலை பால். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். முதல் நாட்களில் அரை மணி நேரம் பிழிந்தால் கிண்ணத்தின் அடி நனையும். அந்த ஒரு மில்லியைப் பெரிய சொத்து மாதிரி இரண்டு கையால் ஏந்திக் கொண்டுபோவாள். பவுடர் பால் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி நர்ஸிடம் திட்டு வாங்கினேன். இந்த வயசில் மாட்டுப்பால் பவுடர் குடலை அழுக வைத்துவிடலாம், தாய்ப்பால்தான் மருந்து என்றார். தாய்க்குப் பால் வராவிட்டால் வேறு தாய்மாரின் பாலைச் சேமித்துக் கொடுக்கிற வங்கிகளும் உண்டு. ஆசியாவிலேயே முதலாவது 1989ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கியது.

முதலில் குழாய் வழியாக. ஐந்தாவது வாரத்துக்கு மேல் ஒரு நாள் நர்ஸ் கையில் எதை வைத்துக்கொண்டு வந்தார் தெரியுமா? சங்கு. எங்கள் வீட்டு அடுக்களையில் கிடக்கிற அதே எவர்சில்வர் சங்கு. அங்கே பாலாடை என்றார்கள். பாட்டிலைவிட இதுதான் நல்லது, பிள்ளை களைக்காது, கழுவுவதும் சுலபம் என்றார். இத்தனை மிஷினுக்கு நடுவில் ஆச்சியின் சங்கைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அடுத்து மாரோடு அணைப்பது. கொலம்பியா தேசத்தின் பொகோட்டாவில் 1978ல் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் சூட்டுப்பெட்டி பற்றாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட்டுக் கிருமியால் கொத்தாக இறந்தன. எட்கர் ரே என்ற டாக்டர், பெட்டி இல்லாவிட்டால் போகிறது, தாய் இருக்கிறாளே என்று பிள்ளையைத் தாயின் வெற்று மார்பில் கட்டிவிட்டார். கங்காரு முறை என்று பெயர். ஏழை நாட்டுக்கு ஏதோ மாற்று என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2021ல் டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் செய்த ஆய்வு வந்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகளை, உடம்பு தேறட்டும் என்று காத்திராமல் உடனே தாயின் மார்பில் போட்டால் சாவு நாலில் ஒரு பங்கு குறைகிறது. அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் இதை விதியாக எழுதியது. எங்களுக்கு 2017ல் மூன்று வாரம் கழித்துத்தான் விட்டார்கள்.

தங்கச்சி சாப்பிடப் போகும்போது மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவார். மீசையும் மயிர் அடர்ந்த மார்புமாக அந்த ஆள், உள்ளங்கை அகலப் பிள்ளையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு மூச்சுவிடப் பயந்து உட்கார்ந்திருப்பார். ஊரிலிருந்து வந்த என் சித்தப்பா பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, பால் வருதா?" என்று கேட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. திரையில் பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பு சீராக ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் வைத்து, பார்த்தீர்களா, ஆச்சிகளுக்கு எல்லாம் தெரியும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற மாதிரி யாரும் எழுதிவிடாதீர்கள். ஆச்சி செய்தது அத்தனையும் சரி. சூடு, மார்பு, பால், பொறுமை. ஆனால் ஆச்சியின் பிள்ளை போய்விட்டது. அந்த ஊசி, அந்தக் குப்பி, அந்த உலை கொதிக்கிற பாட்டில், அந்த 94 என்ற எண் இல்லாமல் 880 கிராம் நிற்காது.

எதிர்த் தொட்டிலில் 24 வாரப் பிள்ளை ஒன்று இருந்தது. 560 கிராம். நெடுமங்காடு பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர் தகப்பன். ஒன்பதாம் நாள் மூளைக்குள் ரத்தம் கசிந்தது. டாக்டர் அவர்களை உட்கார வைத்து வெகுநேரம் பேசினார். இன்னும் செய்யலாம், ஆனால் செய்வது பிள்ளைக்காகவா நமக்காகவா என்று யோசியுங்கள் என்பது மாதிரி. கடைசியில் குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டு அந்தத் தாயின் மார்பில் போட்டார்கள். வராந்தாவில் அந்தத் தகப்பன் எனக்கு பீடி நீட்டினார். நான் குடிக்கிற பழக்கம் இல்லாதவன். வாங்கிக்கொண்டேன்.

எத்தனை வாரத்துக்கு மேல் பிறந்தால் பிழைக்கும் என்று போடுகிற கோடு ஊருக்கு ஊர் மாறுகிறது. நாடுகளை ஒப்பிட்டு, செத்துப் பிறந்த கணக்கு எடுக்கும்போது உலக சுகாதார நிறுவனம் இன்னும் 28 வாரத்தைத்தான் கோடாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பெரிய ஆஸ்பத்திரிகள் சில சேர்ந்து 2013 முதல் 2018 வரை எடுத்த கணக்கில், 28 வாரத்தில் பிறந்தவர்களில் 94 சதவீதம் வீடு திரும்பினார்கள். 22 வாரத்தில் 11 சதவீதம். 2020ல் அலபாமாவில் 21 வாரம் ஒரு நாளில், 420 கிராமில் பிறந்த பையன் பிழைத்து கின்னஸில் ஏறினான். நம் நாட்டுச் சட்டம் சில காரணங்களுக்காக 24 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதிக்கிறது, 2021 முதல். பிழைக்கிற கோடும் கலைக்கிற கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர்த் தொட்டிலைப் பார்த்தபிறகு வரவே வராது.

மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தினம் போகிறவன் என்பதால் ஒரு கணக்கு மட்டும் கண்ணில் படுகிறது. ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் எத்தனை இறக்கின்றன என்று 2023ஆம் ஆண்டுக்கு அரசு வெளியிட்டது: நாடு முழுக்க 25, தமிழ்நாட்டில் 12, கேரளத்தில் 5. கேரளம் தொடங்கிய இடமே வேறு. 1971ல் நாட்டுக்கு 129 இருந்தபோது அங்கே 58. நம் பக்கமும் சும்மா இல்லை. 2003ல் வங்கத்தின் புருலியாவில் தொடங்கிய மாவட்டப் பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவுகள் இன்று தமிழ்நாடெங்கும் இருக்கின்றன, அரசு ஆஸ்பத்திரியில் செலவும் இல்லை. ஆனால் நடு ராத்திரியில் முதலில் தட்டுகிற கதவு எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. ஒன்பதாவது வாரத்தில் இரண்டு கண்ணுக்கும் லேசர் வைத்தார்கள். தடித்த கண்ணாடி போட்டிருக்கிறாள். ஒன்றரை வயசுக்கு மேல்தான் நடந்தாள். டாக்டர்கள் வயதிலிருந்து மூன்று மாதத்தைக் கழித்துவிட்டு ஒரு திருத்திய வயது சொல்வார்கள், எங்களுக்கு அது மனசுக்கு ஆறுதல். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது புரியாது. "இன்னுமா நடக்கலை?" கணக்கு இன்றும் மெதுவாகத்தான் வருகிறது. அது குறைமாதத்தாலா, தாய்மாமனைக் கொண்டா என்று வீட்டில் சர்ச்சை. பெயரை இங்கே எழுதவில்லை. பெரியவளாகி அவளே விரும்பினால் எழுதிக்கொள்ளட்டும்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது, வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லாமல் விட்டேன். 1 கிலோ 840 கிராமில் பெயர் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆவணி மாத வெயிலில் அதே மலைப்பாதையில் திரும்பி வந்தோம். ஆச்சி திண்ணையில் காத்திருந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் தருவேன் என்று தங்கச்சி கறாராகச் சொல்ல, ஆச்சி மறுபேச்சு இல்லாமல் போய்க் கழுவிவிட்டு வந்தாள். பிள்ளையை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"பேரு என்ன?"

யாரும் வாய் திறக்கவில்லை. கையில் கட்டிய சீட்டில் எழுபத்து நான்கு நாளும் 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மா பேர்தான் இருந்தது. வைத்தால் எங்கே கண் பட்டுவிடுமோ, எங்கே இல்லாமல் போய்விடுமோ என்று பயந்து நாங்கள் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"எழுவது நாளா பேரில்லாமலா கெடக்கு?" ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம வீட்டுல பதினாறாம் நாளு பேரு வைக்கணும். எனக்குத்தான் பதினாறு வரைக்கும் இருக்கலை. உங்களுக்கு என்னடி?"

மாப்பிள்ளை உள்ளே போய் காலண்டரை எடுத்து வந்தார். ஆச்சி அதைப் பார்க்கவில்லை. நாளாவது கிழமையாவது என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் காதோரம் குனிந்தாள்.